பூங்கா ஏரி நாறுகிறது: எந்தச் செடியை நடுவது?

மூன்று இடங்களிலிருந்து ஏறக்குறைய ஒரே கேள்வி வந்திருக்கிறது. வேளச்சேரிப் பக்கம் ஒரு குடியிருப்போர் நலச் சங்கம், கோயம்புத்தூரில் காலையில் குளக்கரையில் நடக்கிற சிலர், மதுரையில் பள்ளிக்கு அடுத்த பூங்காக் குளத்தைப் பிள்ளைகளோடு பார்த்துக்கொள்ளும் ஓர் ஆசிரியர். மூன்று நீர்நிலையும் பச்சைச் சாயம் கரைத்த மாதிரி இருக்கிறதாம், வெயில் ஏறினால் நாற்றம். 'செடி வைத்தால் தண்ணீர் தெளியும் என்கிறார்களே, எந்தச் செடி?'

சங்கத்தாரிடம் மிதக்கும் தீவு, அதாவது செடி நட்ட மிதவை, போட்டுத் தருகிறேன் என்று ஒருவர் விலைப்பட்டியல் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். ஆசிரியருக்கு நூறு கல்வாழைக் கன்று இலவசமாகக் கிடைக்கிறது. கோவைக்காரர்களின் குளத்தில் ஏற்கெனவே ஊதாப் பூ பூக்கும் ஆகாயத்தாமரை பாதி மூடிக் கிடக்கிறது. 'அதுவே சுத்தம் செய்யும் என்று படித்தோம், விட்டுவிடலாமா' என்கிறார்கள். கையில் கிடைத்த செடியிலிருந்து ஆரம்பிப்பதுதான் இதில் எல்லோரும் செய்கிற தப்பு. நானும் செய்திருக்கிறேன், கீழே சொல்கிறேன்.

## முதலில் ஒரு கணக்கு

ஏரி பச்சையாவது பாசியால். பாசிக்குச் சோறு நைட்ரஜனும் பாஸ்பரசும். கழிவுநீர், பூங்காப் புல்வெளிக்குப் போட்ட உரம், மீனுக்கும் வாத்துக்கும் குழந்தைகள் வீசுகிற பொரி எல்லாம் அந்தப் பானையில்தான் விழுகின்றன. செடி வைத்தால் அது பாசியின் பந்தியில் பக்கத்து இலையில் உட்காருகிறது. கூடவே அதன் வேரில் வழவழப்பாக ஒரு படலம் படியும். நிஜமான வேலைக்காரர்கள் அதில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள்தான். அவை அமோனியாவை நைட்ரேட்டாக மாற்றும். ஆக்சிஜன் இல்லாத மூலைகளில் வேறு சில நுண்ணுயிர்கள் அந்த நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கிக் காற்றில் விட்டுவிடும்.

பாஸ்பரசுக்கு அந்த வாசல் கிடையாது. அது காற்றில் போகாது. சகதியில் படியும், இல்லையென்றால் செடியின் உடம்புக்குள் போகும். செடியை வெட்டிக் கரையேற்றினால்தான் ஏரியை விட்டுப் போகும். வெட்டாமல் விட்டால் செடி அழுகி, எடுத்ததைத் திருப்பித் தந்துவிடும்.

எவ்வளவு எடுக்க முடியும்? மிக வேகமாக வளரும் ஆகாயத்தாமரையையே வைத்துப் பார்ப்போம். அதன் எடையில் நூற்றுக்கு 95 பங்கு தண்ணீர். ஒரு டன் பச்சைச் செடி வாரினால் காய்ந்த எடை 50 கிலோதான். அதில் பாஸ்பரஸ் தோராயமாக 200 கிராம். இந்தப் பக்கம், ஒரு ஆளின் கழிவுநீரில் நாளொன்றுக்கு ஒன்றிலிருந்து இரண்டு கிராம் பாஸ்பரஸ் போகிறது. நூறு வீடு, நானூறு பேர், ஆளுக்கு ஒன்றரை கிராம் என்றால் 600 கிராம். அதாவது நூறு வீட்டுச் சாக்கடை ஏரிக்குள் திறந்திருந்தால், அதை ஈடுகட்ட தினமும் மூன்று டன் ஆகாயத்தாமரை வார வேண்டும். குட்டி யானை வண்டியில் மூன்று நான்கு லோடு. ஞாயிறும் பொங்கலும் சேர்த்து.

அதனால் செடிக்கடைக்குப் போவதற்கு முன் ஏரியை ஒரு சுற்று சுற்றி வாருங்கள். சித்திரை வெயிலில், ஒரு மாதமாக மழையே இல்லாத நேரத்தில், மழைநீர் வடிகாலிலிருந்து ஏரிக்குள் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தால் அது எந்த மழையின் நீர் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளலாம். அந்த வாயை அடைக்கவோ திருப்பவோ முடியாதென்றால், கீழே உள்ள வழிகளில் முதலாவதைத் தவிர மற்றதெல்லாம் அலங்காரம்.

## எதை வைத்து எடைபோடுவது

அழுக்கு எங்கிருந்து வருகிறது என்பது முதல் கேள்வி. ஒரே குழாய் வழியாக வந்தால் வாசலிலேயே பிடிக்கலாம். கரை முழுக்க வழிந்து வந்தாலும், அடிச் சகதியிலிருந்தே கசிந்தாலும் வேறு வழி பார்க்க வேண்டும்.

இரண்டாவது நீர்மட்டம். தண்ணீரிலேயே வளரும் செடிகளைப் பற்றி வரும் அறிவுரைகளில் பெரும்பகுதி, ஆண்டு முழுக்க ஒரே மட்டத்தில் நிற்கும் குளிர்நாட்டு ஏரிகளை மனதில் வைத்து எழுதியது. நம் ஊர் ஏரி ஐப்பசியில் நிரம்பி, உபரி நீர் போகும் கலங்கலில் வழியும், ஆனியில் நடுவில் கிரிக்கெட் ஆடலாம். எந்தச் செடியை எந்த ஆழத்தில் நடுவது என்று சொல்லும் அட்டவணை இங்கே ஆறு மாதத்துக்குத்தான் செல்லும்.

மூன்றாவதை யாரும் கேட்பதில்லை: அறுப்பது யார்? திறப்பு விழாவுக்குப் பிறகு மூன்றாவது மாதம் யார் தண்ணீரில் இறங்குவார், அவருக்குக் கூலி எந்தக் கணக்கிலிருந்து, வெட்டியதை எங்கே கொட்டுவது. இந்த மூன்றுக்கும் பதில் காகிதத்தில் இல்லாவிட்டால் எந்தத் திட்டமும் வேண்டாம் என்பேன்.

அப்புறம் இது பூங்கா. படகு ஓடும், குழந்தை எட்டிப்பார்க்கும், கொசு வந்தால் வார்டு கவுன்சிலர் வீட்டுக்குப் புகார் போகும். கழிவுநீர்ப் பண்ணையில் செல்லுபடியாகும் வழி எல்லாம் இங்கே செல்லாது.

கடைசியாக, கெட்டால் என்ன ஆகும்? சில வழிகள் தோற்றால் கொஞ்சம் பணம் போகும். சில வழிகள் தோற்றால் ஏரியே போகும்.

| வழி | எந்த அழுக்குக்கு | இடம், ஆழம் | ஓயாத வேலை | தோற்றால் |
|---|---|---|---|---|
| வரத்து வாயில் சதுப்புப் படுகை | குழாய், வடிகால் வழி வரும் கழிவு | ஏரிக்கு வெளியே தனி நிலம் வேண்டும் | வண்டல் வாருதல், ஜல்லி அடைப்பு நீக்குதல் | அடைத்து மேலே வழியும், நாறும் |
| மிதக்கும் தீவு | ஏரிக்குள் ஏற்கெனவே கரைந்திருக்கும் சத்து | எந்த ஆழத்துக்கும், ஏறி இறங்கும் மட்டத்துக்கும் | வெட்டு, கயிறு, குப்பை நீக்கம் | குப்பை மிதவையாகும் |
| கரையோரச் செடி | கரையிலிருந்து வழியும் மண், உரம் | முழங்கால் ஆழ விளிம்பு | ஆண்டுக்கு ஓரிரு முறை அறுப்பு | சம்புக் காடாகும் |
| மூழ்கிய செடி | கழிவு நின்ற பிறகு தெளிவைக் காக்க | வெளிச்சம் அடிவரை எட்ட வேண்டும் | மீன் கட்டுப்பாடு, நடுவில் கத்தரிப்பு | ஒரே வாரத்தில் மறைந்து பச்சை திரும்பும் |
| தாமரை, அல்லி | பாசிக்கு நிழல் போட | சகதி உள்ள, ஆழம் குறைந்த குளம் | இலை அகற்றல் | குளம் முழுக்க இலை |
| ஆகாயத்தாமரை வளர்த்து வாருதல் | அதிகச் சத்து | வேலி கட்டிய மூலை | வாரம் தவறாமல் வாருதல் | ஏரியே மூடும் |

## வரத்து வாயில் சதுப்புப் படுகை

கழிவு ஒரே இடத்தில் நுழைகிறது, பக்கத்தில் கொஞ்சம் நிலம் இருக்கிறது என்றால் வேறு யோசனையே வேண்டாம். முதலில் ஒரு தொட்டியில் கழிவைத் தேக்கி, மண்ணும் கசடும் படிய விட வேண்டும். அதன் பிறகு இடுப்பளவு ஆழத்துக்குச் சற்றுக் குறைவான ஜல்லிப் படுகை. அதில் கல்வாழை, சம்பு, நாணல். தண்ணீர் ஜல்லிக்கு மேலே தெரியாமல் உள்ளுக்குள்ளேயே நகரும்படி மட்டம் வைத்தால் கொசுவுக்கு முட்டையிட இடமில்லை, நாற்றமும் கட்டுக்குள் இருக்கும். ஆரோவில்லில் வீட்டுக் கழிவுநீரை இப்படிச் செடிப் படுகை வழியாக விட்டுத் தோட்டத்துக்குப் பாய்ச்சுவது பல குடியிருப்புகளில் பழகிப்போன சங்கதி.

நிலம்தான் இதன் விலை. வெயில் நாடுகளில் ஆளுக்கு ஒன்றிலிருந்து இரண்டு சதுர மீட்டர் என்பது வழக்கமான கணக்கு. நம் நூறு வீட்டுக்கு 400 முதல் 800 சதுர மீட்டர், அதாவது ஏறக்குறைய இரண்டிலிருந்து மூன்றரை கிரவுண்டு. சென்னையில் மூன்றரை கிரவுண்டு வெறுமனே கிடக்கிறது என்று சொன்னாலே யாராவது வேலி போட்டுவிடுவார்கள். ஆனால் பூங்காவுக்குள் ஏற்கெனவே புல்வெளி இருக்கிறதே. யாரும் உட்காரக் கூடாது என்று பலகை வைத்து, லாரித் தண்ணீர் ஊற்றி வளர்க்கும் அந்தப் புல்வெளியில் பாதி போதும்.

இதை அழகாகச் செய்து காட்டிய இடம் சிங்கப்பூரின் பீஷான் – அங் மோ கியோ பூங்கா. நேர்கோட்டில் போன 2.7 கிலோமீட்டர் சிமென்ட் வாய்க்காலை உடைத்து, வளைந்து நெளியும் ஆறாக்கி 2012-இல் திறந்தார்கள். ஆற்றைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள். எனக்குப் பிடித்தது மேட்டில் படிப்படியாக அமைத்திருக்கும் செடிப் படுகைகள். பூங்காக் குளத்து நீரை மேலே ஏற்றி, அந்தப் படுகைகள் வழியாக இறக்கி மறுபடி குளத்துக்கே விடுகிறார்கள். பிள்ளைகள் ஆடும் நீர் விளையாட்டுத் திடலுக்குப் போகும் பங்கை மட்டும் புறஊதா ஒளியிலும் காட்டுகிறார்கள். செடியை மட்டும் நம்பி பிள்ளைகளைத் தண்ணீரில் இறக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். கிருமி விஷயத்தில் செடிக்கு அந்தத் தகுதி இல்லை.

மறைந்திருக்கும் செலவு இரண்டு. சில ஆண்டுகளில் ஜல்லி அடைத்துக்கொள்ளும். முன்தொட்டியில் வண்டலை ஒழுங்காக வாரினால் நாள் தள்ளிப்போகும், வாராவிட்டால் இரண்டாவது மழைக்காலத்திலேயே அடைக்கும். இன்னொன்று பாஸ்பரஸ். புது ஜல்லி அதைக் கொஞ்ச காலம் பிடித்துவைக்கும், ஜல்லி நிறைந்த பிறகு அந்த வேலை குறைந்துவிடும். நாற்றமும் அமோனியாவும் போகும், பச்சை ஓரளவுக்குத்தான் போகும் என்று முன்பே சொல்லிவிடுங்கள். பெருமழையின்போது வெள்ளம் படுகையை அடித்துக்கொண்டு போகாமல் பக்கவாட்டில் விலகி ஓட ஒரு கால்வாயும் அவசியம்.

## மிதக்கும் தீவு

விலைப்பட்டியல்காரர் விற்பது இதைத்தான். மிதவை, அதில் துளைகள், துளையில் செடி, வேர் தண்ணீரில் தொங்கும். மண் கிடையாது, செடிக்குச் சாப்பாடு ஏரி நீரிலிருந்துதான். ஏறி இறங்கும் நம் நீர்மட்டத்துக்கு இதைவிடப் பொருத்தமான அமைப்பு இல்லை. தண்ணீரோடு மேலே போகும், தண்ணீரோடு கீழே வரும்.

ஹைதராபாத் நெக்னாம்பூர் ஏரியில் 2018 பிப்ரவரி 2, உலகச் சதுப்புநில நாளன்று இப்படி ஒரு தீவை விட்டார்கள். 3,000 சதுர அடி, அதில் 3,500 நாற்று. அடியில் மூங்கில், அதன்மேல் தெர்மாகோல், சாக்கு, கடைசியாகச் சரளை. வெட்டிவேர், கல்வாழை, சம்பு என்று கலவையாக வைத்தார்கள். கைக்கு எட்டும் பொருளை வைத்து ஊர்க்காரர்கள் செய்யக்கூடியது என்பதற்கு அது நல்ல முன்மாதிரி. இன்னொரு முனையில் சிங்கப்பூர் செங்காங்கில் பொங்கோல் நீர்த்தேக்கத்தின் மேல் 2010-இல் அமைத்த தீவு. கால்பந்துத் திடலில் சுமார் பாதி அளவு, மேலே நடைபாலம்.

அளவைப் பற்றி ஒரு வார்த்தை. ஏரிப் பரப்பில் பத்தில் ஒரு பங்காவது இல்லாவிட்டால் தண்ணீரில் பெரிய மாற்றம் எதிர்பார்க்காதீர்கள் என்பது என் கருத்து. ஐந்து ஏக்கர் ஏரி என்றால் அரை ஏக்கர், கிட்டத்தட்ட 22,000 சதுர அடி. நெக்னாம்பூர் தீவைப் போல ஏழு. சங்கத்தாரிடம் இருக்கும் பட்டியலில் பத்துக்குப் பத்து அடியில் ஆறு தீவு எழுதியிருக்கிறது. போட்டோவுக்கு நன்றாக இருக்கும். மறுபக்கம், பாதிக்கு மேல் மூடினால் அடியில் காற்று போகாமல் மீன் திணறும்.

எந்தச் செடி என்றால் என் முதல் தேர்வு வெட்டிவேர். கடலூர்ப் பக்கம் மணலில் பயிரிடுகிறார்கள், நாற்று சுலபமாகக் கிடைக்கும். தென்னாட்டு வெட்டிவேர் விதை போட்டுப் பரவுவதில்லை, அதனால் தப்பி ஓடி ஏரியைப் பிடித்துக்கொள்ளும் பயம் இல்லை. கல்வாழைக்குப் பூ அழகு, வளர்ச்சி வேகம், ஆனால் தலை கனத்துக் காற்றில் மிதவையைச் சாய்க்கும். ஓரத்தில் வெட்டிவேர், நடுவில் கல்வாழை என்று வைத்தால் நிற்கும்.

இனி என் கதை. சில வருடம் முன்பு ஒரு பூங்கா ஏரியில் நண்பர்களோடு சேர்ந்து எட்டுத் தீவு விட்டோம். நான்காவது மாதம் ஒன்றைக் கரைக்கு இழுத்துத் தூக்கிப் பார்த்தபோது எல்லோருக்கும் வாய் பிளந்தது. முழங்கை நீளத்துக்கு வேர்த் தாடி, அதில் கருப்பாக வழவழவென்று படலம், நடுவில் நத்தை முட்டைகளும் கண்ணாடி போல ஒரு குட்டி இறாலும். லேசாக உலுக்கியதும் பக்கெட் தண்ணீர் மை கரைத்ததுபோல ஆனது. வேர் சல்லடை போல அழுக்கைப் பிடித்திருக்கிறது என்பது அப்போதுதான் கண்ணுக்குத் தெரிந்தது. அதே வேளையில் ஒருவர் கேட்டார், 'உலுக்கினதும் மறுபடி தண்ணிக்குள்ளதானே போகுது?' அவர் சொன்னது சரி. வெட்டாமலும் வேரைக் கழிக்காமலும் வைத்திருந்தால் தீவு ஒரு தற்காலிகக் கிட்டங்கி.

வெட்ட ஆள் வைப்பதாகச் சொன்ன ஒப்பந்தக்காரர் திறப்பு விழாவோடு சரி. தாழைக்கோழிகள் இளங்குருத்தைக் கொத்தித் தின்றன. அவற்றின்மேல் எனக்குக் கோபமில்லை, அவை கேட்காமலே அறுவடை செய்தன. கார்த்திகை மழையில் இரண்டு தீவின் நைலான் கயிறு அறுந்து, நேராகப் போய்க் கலங்கலை அடைத்துக்கொண்டன. நள்ளிரவில் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு நான்கு பேர் அதை இழுத்தோம். வெயிலில் நைந்த தெர்மாகோல் மணி மணியாகக் கரை முழுக்க. தெர்மாகோலும் நீர்நிலையும் என்றாலே 2017-இல் நீர் ஆவியாகாமல் இருக்க வைகை அணையில் தெர்மாகோல் மிதக்கவிட்டது நினைவுக்கு வந்து நம்மவர்கள் சிரித்துவிடுவார்கள், அன்றைக்கு எங்களைப் பார்த்தும் சிரித்தார்கள். இன்று செய்தால் மூடி ஒட்டிய பிவிசி குழாய்ச் சட்டம், மேலே வலை, நான்கு மூலைக்கும் சிமென்ட் கட்டை நங்கூரம் என்று போவேன். கயிறு நீளம் கோடை மட்டத்துக்கு அல்ல, வெள்ள மட்டத்துக்கு அளந்து விட வேண்டும்.

கழிவு வரவு நின்றும் தண்ணீர் பச்சையாகவே இருக்கிறது, கரை சிமென்ட், நிலம் இல்லை: இப்படிப்பட்ட ஏரிக்குத் தீவு சரி. படகு ஓடினாலும் ஒரு மூலையில் கட்டிவைக்கலாம்.

## கரையோரச் செடி

சம்பு, கோரை, வசம்பு, கல்வாழை. விலை மிகக் குறைவு, நடுவதற்குப் பிள்ளைகளே போதும். பூங்கா ஏரியில் இதற்கென்று ஒரு வேலை உண்டு: கரையிலிருந்து மழையோடு இறங்கும் மண், புல்வெளி உரம், நாய்க்கழிவு இவற்றை விளிம்பிலேயே தடுப்பது. கரை அரிப்பும் நிற்கும்.

ஆனால் ஏரி நடுவில் கரைந்திருக்கும் சத்துக்கு இது அதிகம் செய்யாது. அதோடு மட்டப் பிரச்சினை. தையில் நட்ட வரிசை வைகாசியில் தண்ணீர் விளிம்பிலிருந்து பத்தடி தள்ளி நிற்கும். இரண்டு மூன்று படிகளாகக் கரையை வெட்டி, மேல்படியில் வறட்சி தாங்கும் வெட்டிவேர், கீழ்ப்படியில் கோரை என்று நட்டால் ஏதாவது ஒரு வரிசை எப்போதும் வேலையில் இருக்கும். சுவரெழுப்பிக் கல் பதித்த கரையில் இது நடக்காது.

சம்பு மட்டும் எச்சரிக்கை. அதன் விதை பஞ்சாய்ப் பறக்கும், தண்டு சகதிக்குள் ஓடும். ஆழம் குறைந்த ஏரியில் மூன்று நான்கு ஆண்டில் நடுவரை போய்விடும். பறவைக்கு அது சொர்க்கம், நடக்க வருகிறவருக்கு ஏரியே தெரியாது. பிறகு 'பாம்பு வருது' என்று ஒரு மனு போகும். வருவது பெரும்பாலும் விஷமில்லாத தண்ணீர்ப் பாம்புதான், ஆனாலும் மறுநாள் பொக்லைன் வந்து நட்டது நடாதது எல்லாவற்றையும் வழித்துவிடும். கரையில் பத்தடிக்கு ஒரு திறப்பு விட்டு நடுவது இந்த மனுவைத் தவிர்க்கத்தான்.

## நீருக்குள் மூழ்கி வளர்வது

பள்ளியில் ஒளிச்சேர்க்கைச் சோதனைக்குப் புனலைக் கவிழ்த்தோமே, அந்த ஹைட்ரில்லா. நாடா போல இலை நீளும் வாலிஸ்நேரியா. அடி தெரியும் அளவுக்குத் தெளிந்த ஏரி வேண்டுமென்றால் கடைசியில் போய்ச் சேர வேண்டிய இடம் இதுதான். சகதியைக் கிளறாமல் பிடித்துக்கொள்கின்றன, பகலில் ஆக்சிஜன் தருகின்றன, பாசியைத் தின்னும் நுண்ணிய பூச்சிகளுக்கு ஒளிய இடம் தருகின்றன.

சிக்கல் என்னவென்றால், தெளிந்த நீரில்தான் இவை வளரும், இவை வளர்ந்தால்தான் நீர் தெளியும். ஆழம் குறைந்த ஏரிகளுக்கு இப்படி இரண்டு நிலை உண்டு. செடியோடு தெளிவாக இருக்கும், அல்லது பாசியோடு பச்சையாக இருக்கும். எந்தப் பக்கம் விழுந்ததோ அங்கேயே கிடக்கும். பச்சைப் பக்கம் விழுந்த ஏரியில் ஹைட்ரில்லாவைக் கொண்டுபோய்ப் போட்டால் வெளிச்சமில்லாமல் பதினைந்து நாளில் அழுகும்.

சீனாவில் குவாங்டோங் மாகாணத்து ஹுய்ஜோ நகரில், பூங்காவாக இருக்கும் மேற்கு ஏரியின் ஒரு பகுதியை 2000-களின் நடுவில் இந்தப் பக்கம் திருப்பினார்கள். முதலில் அடியைக் கிளறும் மீன்களைப் பெருமளவு பிடித்து வெளியேற்றினார்கள், அப்புறம் வாலிஸ்நேரியா போன்ற செடிகளை நட்டார்கள். தண்ணீர் தெளிந்தது. வெப்பமான ஊரிலும் முடியும் என்பதற்கு அது சாட்சி. நம் ஏரியில் எதிரி ஜிலேபி மீன். குழி பறித்து முட்டையிட்டு, ஆண்டு முழுக்கப் பெருகி, நட்ட செடியைப் பிடுங்கிப் போடும். ஒரு முறை வலை போட்டால் தீராது. மீன் குத்தகைக்கு விட்ட ஏரியாக இருந்தால் பேச்சே வேண்டாம், புல் கெண்டை விட்டிருப்பார்கள், அது இந்தச் செடியை அல்வா மாதிரிச் சாப்பிடும். மிதிபடகு ஓடும் ஏரியிலும் வேண்டாம், துடுப்பில் சுற்றிக்கொள்ளும்.

## தாமரை, அல்லி

மனசுக்குப் பிடித்தது, தண்ணீருக்குச் சுமார். இலை நிழலில் பாசி அடங்கும், ஆனால் உதிரும் இலை எல்லாம் சகதியில்தான் சேரும். சிமென்ட் தொட்டியில் நட்டுத் தண்ணீருக்குள் இறக்கினால் எல்லை தாண்டாது. நேராகச் சகதியில் விட்டால் இரண்டு ஆண்டில் படகு போகாது.

## ஆகாயத்தாமரையை வளர்த்து வாருவது

முதலில் பெயர்க் குழப்பம். சில ஊரில் முட்டைக்கோஸ் போல மிதக்கும் சிறு செடியை ஆகாயத்தாமரை என்கிறார்கள், சில ஊரில் ஊதாப் பூ பூக்கும், தண்டு வெங்காயம் போல ஊதியிருக்கும் பெரிய செடியை. பின்னதற்கு வெங்காயத்தாமரை என்றும் பெயர், மட்டக்களப்பில் ஆற்றுவாழை. கோவைக்காரர்கள் அனுப்பிய படத்தில் இருப்பது ஊதாப் பூ.

தென்னமெரிக்காவிலிருந்து அழகுக்காக வந்த செடி. இலங்கையில் 1909-லேயே இதற்கெதிராகத் தனிச்சட்டம் போட வேண்டியிருந்தது. சத்து நிறைந்த தண்ணீரில் இரண்டு வாரத்துக்குள் இரட்டிப்பாகும். இன்று ஒரு சென்ட் இருந்தால், யாரும் தொடாவிட்டால், இருபது வாரத்தில் கணக்குப்படி ஆயிரம் சென்ட், பத்து ஏக்கர். மேலே பச்சைப் பாய், கீழே இருட்டு. மீன் விடியற்காலையில் மேலே வந்து வாயைப் பிளக்கும். கோடையில் வெறும் நீர்ப்பரப்பைவிடக் கூடுதலாகத் தண்ணீர் இழுத்து ஆவியாக்கும் வேறு.

கொசுவிலும் ஒரு தனிக் கணக்கு உண்டு. மான்சோனியா என்ற கொசுவின் புழு மூச்சுவிட மேலே வருவதில்லை. மிதக்கும் செடியின் வேரைத் துளைத்து அதிலிருந்து காற்றை உறிஞ்சிக்கொள்ளும். எண்ணெய் ஊற்றினாலும் சாகாது. கேரளத்தின் சேர்த்தலாவில் யானைக்கால் நோயைப் பரப்பியது இதுதான். 1980-களில் புதுச்சேரியின் கொசு ஆய்வு மையத்தார் அங்கே மருந்தைவிடச் செடி அகற்றலையும் மீன் வளர்ப்பையும் நம்பி வேலை செய்தார்கள்.

இவ்வளவு சொன்ன பிறகும், இதை முழுக்க ஒதுக்க மாட்டேன். கிழக்குக் கொல்கத்தாவில் நகரச் சாக்கடையில் மீன் வளர்க்கும் பேரி எனும் குளங்களின் கரையோரம் ஆகாயத்தாமரையை ஒரு பட்டையாக வைத்திருக்கிறார்கள். அலை கரையை அரிக்காது, மீனுக்கு வெயிலில் நிழல். அந்தக் குளங்களில் தினம் இறங்கும் ஆட்கள் இருக்கிறார்கள், மீன் விற்ற காசு இருக்கிறது. பூங்கா ஏரியில் அந்த இரண்டும் இல்லை. வாரியதை எருவாக்கலாம் என்பார்கள். ஆகும், ஆனால் ஏரிக்குத் தண்ணீர் வரும் வழியில் சாயப்பட்டறையோ முலாம் பூசும் பட்டறையோ இருந்தால் அந்தச் செடிக்குள் உலோகமும் ஏறியிருக்கும். அதைக் கீரைப் பாத்திக்குப் போடாதீர்கள், மாட்டுக்கும் போடாதீர்கள்.

## சரி, மூவருக்கும்

வேளச்சேரிச் சங்கத்துக்கு: உங்கள் ஏரிக்கு இரண்டு வடிகால் வாய் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். கோடையில் ஒன்றில் தண்ணீர் ஓடுகிறது. தீவுக்கு ஒதுக்கிய பணத்தை அந்த வாயில் முன்தொட்டிக்கும் படுகைக்கும் திருப்புங்கள். பூங்காவின் வடக்கு மூலையில் இருக்கும் புல்வெளி போதும் போலத் தெரிகிறது. மாநகராட்சி அனுமதி இல்லாமல் ஒரு கடப்பாரையும் இறக்க வேண்டாம். விலைப்பட்டியல்காரரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: மூன்று ஆண்டுக்கு, மாதம் ஒரு முறை வெட்டி அகற்றுவது விலையில் சேர்ந்ததா? பதில் வருவதற்குள் உங்களுக்கு விஷயம் புரிந்துவிடும்.

கோவை நண்பர்களுக்கு: விட்டுவிடாதீர்கள். மாசி, பங்குனியில் மட்டம் இறங்கியதும் மொத்தமாக வாருங்கள், ஒரு துண்டு மிச்சமிருந்தாலும் திரும்பி வரும் என்பதால் அடுத்த மூன்று மாதம் வாரம் ஒரு தரம் கரையைச் சுற்றிப் பொறுக்க வேண்டும். வாரிய குவியலைக் கரையிலேயே விட்டால் முதல் மழையில் சாறு முழுக்க உள்ளே இறங்கும். அன்றைக்கே லாரி ஏற்றுங்கள். திறந்த தண்ணீர் கிடைத்ததும் பாசி இன்னும் பச்சையாகும், பயப்படாதீர்கள். அப்போது தீவு பற்றிப் பேசலாம்.

மதுரை ஆசிரியருக்கு: கல்வாழையை வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் குளத்தில் சாக்கடை இல்லை, கரை மண்கரை, அழுக்கு கரையிலிருந்துதான் இறங்குகிறது. இரண்டு படி வெட்டி நடலாம். பொரி விற்பவரிடம் பேச வேண்டியிருக்கும், அவர் பிழைப்பு அது, பக்குவமாகப் பேசுங்கள். பிள்ளைகளுக்கு ஒரு வேலை: ஒரு சாண் அகலத் தட்டுக்கு வெள்ளை வண்ணம் அடித்து, கயிற்றில் சாணுக்கு ஒரு முடிச்சுப் போட்டு, வெள்ளிக்கிழமைதோறும் ஒரே இடத்தில், பெரியவர் ஒருவர் கூட நிற்க, தண்ணீருக்குள் இறக்கச் சொல்லுங்கள். எத்தனையாவது முடிச்சில் தட்டு கண்ணுக்கு மறைகிறது என்று தேதி போட்டு எழுதி வைக்கட்டும். நடுவதற்கு முன் இரண்டு மாதம் எழுதியிருக்க வேண்டும், கல்வாழை அதுவரை நாற்றுப் பையிலேயே காத்திருக்கும்.